ஐஸ் பெட்டி ஏன் இளகியது? மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு மீன், இறால், இறைச்சி கொண்டு போவோருக்கு

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வெறுங்கையோடு போனால் அங்கேயிருக்கும் சொந்தக்காரர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். வாவி இறால், நண்டு, கணவாய், நாட்டுக்கோழி, காத்தான்குடிப் பக்கம் என்றால் ஹஜ் பெருநாள் முடிந்த கையோடு குர்பான் இறைச்சி என்று ஏதாவது ஒரு பெட்டி கூடவே போகும். ரோட்டால் 300 கிலோமீற்றருக்கு மேல். பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம், ரயில் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆட்களுக்கு அதைவிடத் தூரம்.

அங்கே போய்ப் பெட்டியைத் திறக்கும்போது கண்ணுக்கு என்ன தெரிகிறதோ, அதை வைத்தே எங்கே பிழைத்தது என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம். உங்கள் பெட்டிக்கு வந்த கோளாறு எதுவோ அந்தத் தலைப்பை மட்டும் பார்த்தாலும் போதும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பஸ்காரன் வெயிலில் நிறுத்தினான், வான் ஏசி வேலை செய்யவில்லை என்று நாம் ரோட்டின் மேல் போடுகிற பழியில் பாதிக்கு மேல் முதல் நாள் இரவு வீட்டுப் பிரீசரில் நடந்த பிழைதான்.

முதலில்: உறைய வைத்தே ஆகவேண்டுமா?

விடியச் சந்தையில் வாங்கிய இறால் அன்றிரவு பஸ்ஸில் ஏறி, மறுநாள் பகல் வெள்ளவத்தையில் கறியாகப் போகிறது என்றால் அதை உறைய வைக்கத் தேவையே இல்லை. ஐஸ் போட்டுக் கொண்டு போனால் போதும். புது மீனை ஐஸுக்குள் புதைத்து 0 பாகைக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு நாள், இரண்டு நாள் என்பது அதற்குப் பெரிய விஷயமே இல்லை. வீட்டுப் பிரீசர் மெதுவாக உறைய வைக்கும். மெதுவாக உறையும்போது தசைக்குள் பெரிய பெரிய ஐஸ் படிகம் வளர்ந்து நாரைக் கிழிக்கும். இளகும்போது அந்தக் கிழிசல் வழியாகச் சாறு ஓடிவிடும். அப்புறம் "வாவி இறாலின் ருசி இல்லையே" என்று கொழும்பில் குறை சொல்வார்கள்.

உறைய வைக்க வேண்டியது, போன இடத்தில் கிழமைக்கணக்கில் பிரீசரில் வைத்து எடுத்துச் சமைக்கப் போகிற சாமான். அல்லது பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னமே வாங்கிவிட்ட சாமான்.

இரண்டுக்கும் பெட்டி கட்டும் விதம் வேறு. வெறும் ஐஸ் கரைவது 0 பாகையில். மீன் தசை உறையத் தொடங்குவது அதற்கும் ஒன்று இரண்டு பாகை கீழே. அதாவது உருகிக்கொண்டிருக்கும் ஐஸால் ஒரு மீனை உறைந்த நிலையில் வைத்திருக்க முடியாது, இளகுவதைத் தள்ளிப்போடத்தான் முடியும். -18 பாகையில் கல்லாக வெளியே வருகிற மீன் தன் குளிரைத் தானே கொண்டு போகிறது. ஐஸும் பெட்டியும் அதற்குக் காவல் மட்டும்தான். இது மனதில் நின்றால் கீழே உள்ள பாதி விஷயம் தானாக விளங்கும்.

ஐஸ் இன்னும் மிச்சம் இருக்கிறது, ஆனால் சாமான் இளகிவிட்டது

அதிகம் வருகிற கோளாறு இதுதான். இதில் ரோட்டுக்குப் பங்கே இல்லை. வெளியே கல்லு, நடுவில் பச்சை. அப்படியொரு பக்கற் வீட்டிலிருந்தே வெளிக்கிட்டிருக்கிறது.

இரண்டு கிலோ இறைச்சியை ஒரே சொப்பின் பையில் உருட்டிப் பிரீசருக்குள் தள்ளினால் காலையில் தட்டிப் பார்க்கும்போது டக் டக் என்று கேட்கும். வெளி ஓடு உறைந்த சத்தம் அது. கூரான கத்தி நுனியையோ கறி குத்தும் கம்பியையோ நடுப்பகுதியில் வைத்து அழுத்திப் பாருங்கள். கால் அங்குலம்கூட இறங்காமல் வழுக்கினால் சரி. முதலில் தடுத்து அப்புறம் சடாரென்று உள்ளே போனால் நடு இன்னும் உறையவில்லை. பயணத்தில் அந்த நடுப்பகுதியின் வெப்பம் உள்ளேயிருந்தே உறைந்த வெளி ஓட்டையும் இளக்கும். வெளியே எத்தனை ஐஸ் கொட்டினாலும் அதற்குப் பயனில்லை.

திருத்துவது சுலபம். பக்கற்றைத் தட்டையாகப் போடுங்கள். ஓர் அங்குலத் தடிப்புக்கு மேல் வேண்டாம். அரைக் கிலோ, முக்கால் கிலோவாகப் பிரித்து, காற்றைக் கையால் அமுக்கி வெளியேற்றி, தட்டில் பரத்திப் பிரீசரில் வையுங்கள். தட்டையாக உறைந்த பக்கற்றுகளைப் பெட்டிக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக இடைவெளியின்றி அடுக்கவும் முடியும். உருண்டைகளை அடுக்கினால் நடுநடுவே பொந்து வரும்.

அடுத்தது, பிரீசரின் கொள்ளளவு. 28 லீற்றர் இடத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரைக் கிலோ புதுச் சாமான்தான் ஒழுங்காக உறையும். நம் வீடுகளில் இருக்கும் சாதாரண பிரிட்ஜின் மேல்தட்டு 50, 60 லீற்றர். அதில் ஒரே இரவில் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. எட்டுக் கிலோவை மாலையில் திணித்துவிட்டு விடியற்காலை எடுத்தால், புதிதாகப் போட்டதும் உறைந்திருக்காது, ஏற்கெனவே இருந்ததும் இளகியிருக்கும். நிறையக் கொண்டு போவதென்றால் மூன்று நாளாகப் பிரித்துப் போடுங்கள். இல்லாவிட்டால் டீப் பிரீசர் வைத்திருக்கும் கடைக்காரரிடமோ அயலவரிடமோ சொல்லி வையுங்கள். ஊரில் அதற்கு ஆள் இல்லாமல் போகாது.

குர்பான் இறைச்சிக்குத் தனியாக ஒரு சொல். அறுத்த இறைச்சி உடல் சூட்டோடு வரும். பங்கு பிரித்து ஐந்து கிலோப் பையாகக் கட்டி அப்படியே பிரீசரில் போட்டால் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். உறைவதற்கு முன்னமே அங்கே பழுது தொடங்கிவிடும். முதலில் தட்டில் பரத்திச் சூடாறவிட்டு, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் நன்றாகக் குளிரவிட்டு, மறுகா தட்டைப் பக்கற்றாகக் கட்டிப் பிரீசருக்கு மாற்றுங்கள். பெருநாள் அவசரத்தில் இதைச் செய்ய அலுப்பாகத்தான் இருக்கும். என்றாலும் இளகிய இறைச்சி பற்றிய முறைப்பாடு அதிகம் வருவதும் அந்த நாட்களில்தான்.

அடியில் கல்லாக இருக்கிறது, மேல் அடுக்கு மட்டும் இளகிவிட்டது

ஐஸை அடியில் பரப்பி அதன் மேல் சாமானை வைத்திருப்பீர்கள். குளிர்ந்த காற்று கனமானது, கீழேதான் இறங்கும். அடியில் உள்ள ஐஸ் அடியை மட்டும் காக்கும். சூடோ மூடி வழியாகவும் வரும். இருக்கிற ஐஸில் பாதிக்கு மேல் சாமானின் மேலே வரட்டும், மிச்சத்தை ஓரங்களில் செருகுங்கள். அடியில் ஒரு மெல்லிய அடுக்குப் போதும்.

பெட்டியில் வெற்றிடம் இருந்தாலும் இதே குறிதான் தெரியும். 40 லீற்றர் பெட்டிக்குள் ஆறு கிலோச் சாமான் என்றால் மிச்ச இடமெல்லாம் காற்று. மூடியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் காற்று வெளியே கொட்டி, புதுச் சூட்டுக் காற்று உள்ளே வரும். சின்னப் பெட்டிக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் வெற்றிடத்தைக் கசக்கிய பேப்பராலோ பழைய துவாயாலோ நிரப்புங்கள். உறைந்த தண்ணீர்ப் போத்தலால் நிரப்பினால் இன்னும் நல்லது.

மூடியின் விளிம்பையும் ஒருதரம் விரலால் தடவிப் பாருங்கள். ரெஜிபோம் (வெள்ளை நுரை) பெட்டிகள் இரண்டு மூன்று பயணத்துக்குப் பிறகு விளிம்பு நொருங்கி இடைவெளி விட்டிருக்கும். அகலமான டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி ஒட்டினால் காற்றுக் கசிவும் நிற்கும், வழியில் திறந்து பார்க்கும் ஆசையும் அடங்கும். ஹபறணையில் தேநீருக்கு நிறுத்தும்போது "ஒருக்காப் பார்ப்பமா?" என்று கேட்கிற ஆள் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. டேப் ஒட்டுவது அவருக்காக.

ஐஸ் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் அங்குலத் தடிப்புள்ள 25 லீற்றர் ரெஜிபோம் பெட்டி, வெளியே 35 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் வழியாக வரும் சூட்டுக்கு மட்டும் ஒரு மணித்தியாலத்துக்குக் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே ஐஸ் செலவாகும். எட்டு மணித்தியாலத்துக்கு இரண்டேகால் கிலோ. பெட்டியைச் சுமக்கும்போது மூடி ஆடுவது, பஸ் சுணங்குவது எல்லாம் சேர்த்து மூன்றரை, நான்கு கிலோ கையில் இருக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் பையொன்றை வாங்கிப் போட்டுவிட்டு "ஐஸ் போட்டம்தானே" என்றால் தம்புள்ளை தாண்டும்போது தண்ணீர்தான் இருக்கும்.

அதே பெட்டியை வெயிலில் நிற்கும் காரின் டிக்கிக்குள் வைத்தால், உள்ளே 50 பாகை ஏறும்போது செலவு மணிக்கு 400 கிராம் அளவுக்குப் போகும். பெட்டிச் சுவர் அரை அங்குலம்தான் என்றால் இரண்டு கணக்கையும் இரட்டிப்பாக்குங்கள். சந்தையில் மலிவாக விற்கும் மெல்லிய பெட்டிக்கும் தடித்த பெட்டிக்கும் உள்ள விலை வித்தியாசம் இங்கேதான் தெரியும். மெல்லியதுதான் கையில் இருக்கிறது என்றால் அதை ஒரு கார்ட்போட் பெட்டிக்குள் இறக்கி, சுற்றிவரப் பேப்பரைத் திணியுங்கள். பெரிய உதவி அது.

வெளியேயுள்ள சூட்டைக் குறைப்பது அதைவிட மலிவு. சூடான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பகல் பயணத்தில் உறைந்த சாமான் கொண்டு போவதே வீண் வேலை என்பது என் கருத்து. இரவு பஸ்ஸில் ஏறுங்கள். சொந்த வாகனம் என்றால் விடியப்புறம் நான்கு மணிக்கு வெளிக்கிட்டால் வெயில் ஏறுமுன் தம்புள்ளையைத் தாண்டிவிடலாம். பெட்டியை டிக்கியில் வைக்காமல் ஏசி ஓடும் இருக்கைப் பக்கம், காலடியில், வெயில் விழாத பக்கமாக வையுங்கள். வெளிர்நிறப் பெட்சீற் ஒன்றை மேலே போட்டு மூடுங்கள். பஸ்ஸின் கீழ்ச் சாமான் அறை வசதிதான். ஆனால் சில பஸ்களில் அது எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும். ஏற்றுமுன் உள்ளே கையை நீட்டிப் பாருங்கள், சூடு அடித்தால் கொண்டக்டரிடம் சொல்லி வேறு இடம் கேளுங்கள்.

ஐஸின் வடிவமும் முக்கியம். ஒரே கட்டியாக உள்ள ஐஸ் மெதுவாகக் கரையும். நொறுக்கிய ஐஸ் வேகமாகக் குளிர்விக்கும், வேகமாகத் தீரும். புது மீனுக்கு நொறுக்கியது, ஏற்கெனவே உறைந்த சாமானுக்குக் கட்டி. சந்தைப் பக்கம் மீனுக்கென்று விற்கும் கட்டி ஐஸ் இதற்கு நல்லது. அதைக் குடிதண்ணீரில் செய்ததாக நினைத்துப் பிள்ளைகளின் சர்பத்துக்குள் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

பெட்டியையும் முதல் நாளே குளிரவையுங்கள். வெயிலில் கிடந்த பெட்டிக்குள் நேரடியாகச் சாமானை வைத்தால் முதல் ஐஸ் முழுவதும் பெட்டியைக் குளிர்விக்கவே போய்விடும். இரவு முழுக்க ஒரு ஐஸ் போத்தலை உள்ளே போட்டு மூடி வைத்தால் போதும்.

பெட்டிக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறது

"ஆர்ர பெட்டி இது? கீழ தண்ணி ஓடுது!" என்று கொண்டக்டர் சத்தம் போடுமுன் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தண்ணீர் உள்ளேயிருந்து வந்ததா, வெளியே வியர்த்ததா? பெட்டியின் பக்கச் சுவர் எல்லா இடமும் ஒரே மாதிரி நனைந்து, தண்ணீர் மணமில்லாமல் தெளிவாக இருந்தால் அது காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்தது. கடலோரத்துக் காற்றில் அது இல்லாமல் இருக்காது. துவாயால் சுற்றினால் நின்றுவிடும். ஆனால் நிறைய வியர்த்தால் சுவர் மெல்லியது என்று பொருள், ஐஸும் அந்த வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கும்.

ஒரு மூலையிலிருந்து மட்டும் ஒழுகி, இளஞ்சிவப்பாக, மணத்தோடு வந்தால் உள்ளே பை கிழிந்திருக்கிறது. இறாலின் கொம்பு, நண்டுக் கால், மீன் முள், கோழி எலும்பு நான்கும் பொலித்தீனைக் குத்துவதற்கென்றே படைக்கப்பட்டவை. இறாலுக்குத் தலையை எடுத்துவிடுங்கள், நண்டுக் காலை உடைத்துத் தனியாகக் கட்டுங்கள், எலும்புள்ளதைப் பேப்பரில் சுற்றிய பிறகு பைக்குள் இடுங்கள். ஒவ்வொன்றையும் இரட்டைப் பையில் போட்டு, வாயை முறுக்கி மடித்துக் கட்டுங்கள். பெட்டிக்குள் தடித்த பொலித்தீன் ஒன்றை விரித்து அதற்குள்தான் எல்லாம் போக வேண்டும்.

தண்ணீர்ப் பிரச்சினையை வேரோடு தீர்க்க வேண்டுமென்றால் திறந்த ஐஸை விட்டுவிட்டு போத்தலுக்கு மாறுங்கள். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல்களில் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் முன்னமே பிரீசரில் போடுங்கள். தண்ணீர் உறையும்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரியும், எனவே கழுத்துக்குக் கீழே நாலு விரல் இடம் விடுங்கள். கரைந்தாலும் தண்ணீர் போத்தலுக்குள்ளேயே இருக்கும்.

இதிலேயே இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஒரு லீற்றர் தண்ணீரில் 100 கிராம் உப்புக் கரைத்து உறைய வைத்தால் அந்தப் போத்தல் -6 பாகை அளவில்தான் கரைந்து முடியும். மீன் உறையும் நிலைக்கு அது கீழே. ஆகவே வெறும் ஐஸால் முடியாததை, அதாவது உறைந்ததை உறைந்தபடியே வைத்திருப்பதை, இது செய்யும். பிரீசர் உண்மையாகவே -18 பாகைக்கு இறங்க வேண்டும். அப்போதும் போத்தல் கல்லாக இறுகாமல் கொஞ்சம் கூழாகத்தான் இருக்கும், அது பிழையில்லை. கல்லடியில் கடலுக்குப் பக்கத்தில் வீடு என்றால் கடல் தண்ணீரையே நிரப்பலாம். அது உறைவது -2 பாகைக்குப் பக்கத்தில். உப்புக் கரைசல் அளவுக்கு வராது, வெறும் தண்ணீரைவிட மேல். மூடியில் "உப்பு" என்று எழுதி ஒட்டுங்கள், வழியில் தாகத்துக்கு யாராவது திறந்துவிடப் போகிறார்கள்.

இறாலின் தலை கறுத்துவிட்டது, கோழியில் வெள்ளைத் திட்டு, பக்கற்றுக்குள் ஐஸ் கட்டி

மூன்றும் வேறு வேறு கதை.

இறால் தலையும் ஓட்டு விளிம்பும் கறுப்பது, இறாலின் உடம்பில் இருக்கும் நொதியம் காற்றோடு சேர்ந்து செய்கிற வேலை. அதுவே பழுது என்று அர்த்தமில்லை. மணம் சரியாகவும் சதை இறுக்கமாகவும் இருந்தால் சமைக்கலாம். ஆனால் பிடித்த பிறகு ஐஸில்லாமல் கிடந்த நேரத்தை அது காட்டிக்கொடுக்கும். அமோனியா மூக்கில் அடித்தாலோ தலை கழன்று தொங்கினாலோ யோசிக்காமல் எறியுங்கள்.

இறாலுக்கு நான் சொல்லக்கூடிய மிகச் சிறந்த வழி ஐஸ்கிறீம் டப்பா. தலையை எடுத்துக் கழுவிய இறாலை ஒரு லீற்றர் டப்பாவில் முக்கால்வாசி நெருக்கமாக அடுக்கி, இறால் மூழ்கும்வரை குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, விரலால் அமுக்கிக் காற்றுக் குமிழைக் கிளப்பிவிட்டு மூடி உறைய வைக்க வேண்டும். ஒரு இறால் வால் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றால் அந்த வால் மட்டும் காய்ந்துவிடும், அதையும் அமுக்கிவிடுங்கள். உறைந்த பிறகு டப்பாவின் அடியைக் குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிடம் காட்டினால் செங்கல்லுப் போலக் கழன்று வரும். அதைப் பையில் கட்டி அடுக்குங்கள். காற்றுப் படாது, கறுக்காது. தன்னோடு தன் ஐஸையும் கொண்டு போவதால் இளகவும் வெகுநேரமாகும். கணவாய்க்கும் இதே முறைதான்.

நண்டு உயிர் போனதும் வேகமாகப் பழுதாகும். செத்த நண்டை முழுதாக உறைய வைத்துக் கொண்டு போவதைவிட, உயிரோடு இருக்கும்போதே எடுத்து ஓடு கழற்றிச் சுத்தமாக்கி உடனே உறைய வையுங்கள். அல்லது அவித்துக் குளிரவிட்டு உறைய வையுங்கள்.

வெள்ளைத் திட்டு பிரீசருக்குள் காற்றுப்பட்டு ஈரம் போன இடம். உடம்புக்குக் கெடுதி இல்லை, சப்பென்று இருக்கும், அந்த இடத்தை வெட்டிவிடலாம்.

கடைசி ஒன்றுதான் கவனிக்க வேண்டியது. நீங்கள் தட்டையாக உறைய வைத்த பக்கற்றின் ஒரு மூலையில் சிவப்புக் கலந்த ஐஸ் கட்டியாக நின்றால், அல்லது பக்கற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி வடிவம் மாறியிருந்தால், இடையில் ஒருதரம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது. கடையில் வாங்கும் உறைந்த கோழிக்கும் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம்.

வெளிக்கிடும் இரவில் கரண்ட் போய்விட்டது

கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த டீப் பிரீசர் மூடியபடி இருந்தால் இரண்டு நாள் வரைக்கும் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். பிரிட்ஜின் மேல்தட்டு அவ்வளவு தாங்காது, ஆனால் இரண்டு மூன்று மணித்தியால வெட்டுக்கு ஒன்றும் ஆகாது. திறந்து திறந்து பார்ப்பதுதான் கெடுக்கும். ஏற்கெனவே உறைந்த பக்கற்றுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அன்று மாலை போட்ட புதுச் சாமானைத்தான் கத்தி நுனியால் குத்திப் பார்க்க வேண்டும். உறையவில்லை என்றால் அதை உறைந்ததோடு சேர்க்காமல் தனிப் பெட்டியில் நொறுக்கிய ஐஸுக்குள் புதைத்து, புது மீனைப் போலக் கொண்டு போய் அன்றே சமைத்துவிடுங்கள்.

ஐஸ்கிறீம் கூழாகிவிட்டது

ஆகத்தான் செய்யும். ஐஸ்கிறீமுக்கு -18 பாகை வேண்டும், -12 பாகைக்கு மேலே ஏறினாலே தளரும். வெறும் ஐஸ் அதற்கு அடுப்பு மாதிரி. எப்படியும் கொண்டு போயே ஆகவேண்டும் என்றால் நொறுக்கிய ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு கலந்து தடித்த பையில் கட்டிச் சுற்றிவர வைத்தால் -20 பாகை அளவுக்கு இறங்கும். ஐஸ் அதில் வேகமாகக் கரையும், கரைந்துதான் அந்தக் குளிரைக் கொடுக்கும். எனவே இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நம்ப வேண்டாம். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குச் சரி, கொழும்புக்குச் சரிவராது. வெறுங்கையால் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், தோல் புண்ணாகும். உருகிய ஐஸ்கிறீமை மறுபடி உறைய வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

தயிர் முட்டியை உறைய வைத்துக் கொண்டு போகலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். இளகும்போது தண்ணீர் வேறு, கட்டி வேறாகப் பிரிந்துவிடும். குளிராகக் கொண்டு போனால் போதும்.

உலர் ஐஸ் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கவனம். -78 பாகை என்பதால் வேலை கச்சிதமாக நடக்கும். ஆனால் அது தண்ணீராகாமல் நேரே காபனீரொட்சைட்டாக மாறுகிறது. ஒரு கிலோவிலிருந்து 500 லீற்றருக்கு மேல் வாயு வரும். கண்ணாடி மூடிய வானுக்குள் ஆட்களோடு அதை வைப்பது ஆபத்து, காற்றுப் போக வழியில்லாமல் இறுக மூடிய பெட்டியில் வைத்தால் பெட்டி வெடிக்கும். விமானத்தில் ஒருவருக்கு 2.5 கிலோ வரை, அதுவும் விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடுதான். டோகா, டுபாய் என்று போகிறவர்கள் போகும் நாடு இறைச்சியையும் மீனையும் உள்ளே விடுமா என்பதை முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் பெட்டி கட்டுவதை யோசியுங்கள்.

வந்து சேர்ந்தாயிற்று: எதை வைப்பது, எதை எறிவது

பெட்டியைத் திறந்தவுடன் ஒவ்வொரு பக்கற்றையும் கையால் அழுத்திப் பாருங்கள்.

கல்லாக இருந்தால் நேரே பிரீசருக்கு. ஓரம் மெத்தென்று, உள்ளே ஐஸ் நறநறத்தால் அதையும் திரும்ப உறைய வைக்கலாம், ருசி ஒரு படி இறங்கும் அவ்வளவுதான். அதைத்தான் முதலில் சமைக்க எடுக்க வேண்டும். முழுதாக இளகியிருக்கிறது, ஆனால் பிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சி, அதாவது 5 பாகைக்குள் இருக்கிறது என்றால் அன்றே சமையுங்கள். சமைத்த கறியை வேண்டுமானால் உறைய வைக்கலாம்.

குளிர்ச்சியே இல்லாமல் அறைச் சூட்டுக்கு வந்துவிட்டது, அப்படி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்திருக்கும் என்று தோன்றினால் எறிய வேண்டியதுதான். 32 பாகைக்கு மேலான வெயிலில் அந்த இரண்டு மணித்தியாலம் ஒன்றாகக் குறையும். "நல்லாக் கொதிக்க வைச்சாச் சரியாப் போயிரும்" என்று மாமி சொல்வார். எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. குறிப்பாகச் சூரை, கெலவல்லா. இந்த மீன்கள் சூட்டில் கிடந்தால் சதைக்குள் ஹிஸ்டமின் சேரும். அது கொதித்தாலும் பொரித்தாலும் அழியாது. மணத்திலும் எப்போதும் தெரியாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடிக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் இப்படிச் சூடுபட்ட மீனாகவும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் சூரையில் கணக்குப் பார்க்காதீர்கள்.

எல்லாமே நடுத்தரமாக இளகியிருக்கிறது, பிரீசரிலும் இடமில்லை என்றால் இறைச்சியையும் மீனையும் முதலில் அடுப்பில் ஏற்றுங்கள். தண்ணீரில் உறைந்த இறால் டப்பாக்கள் கடைசிவரை பொறுத்திருக்கும்.

பஸ்ஸில் பார்சலாக அனுப்பினால்

ஆள் இல்லாமல் பெட்டி மட்டும் போகிறது என்றால் ஐஸைக் கணக்குக்கு ஒன்றரை மடங்காக வையுங்கள், போத்தல் மட்டும்தான், திறந்த ஐஸ் வேண்டாம். எடுக்க வருபவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பெட்டியின் இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். ஈரத்தில் ஒரு பக்கம் அழிந்தாலும் மற்றது இருக்கும். பஸ் குருநாகலைத் தாண்டும்போது கொழும்புக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள். எட்டு மணித்தியாலம் தாங்கிய பெட்டி, எடுக்க ஆள் வராமல் வெயிலில் கிடக்கும் ஒன்றரை மணித்தியாலத்தில்தான் பெரும்பாலும் இளகுகிறது.

காலிப் பெட்டி நாறுகிறது

ரெஜிபோம் மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சூட்டுத் தண்ணீர் ஊற்றினால் பெட்டி நெளியும், ஊற்ற வேண்டாம். சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, அப்பச் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து உள்ளே பூசி ஒரு இரவு விட்டு, காலையில் கழுவி, மூடியைக் கழற்றி நிழலில் காயவிடுங்கள். ஈரம் முழுதாகப் போன பிறகுதான் மூட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் மணம் போகவில்லை என்றால், அல்லது உட்சுவரில் கத்தி பட்டு வெடித்திருந்தால், அதைச் சாப்பாட்டுச் சாமானுக்குப் பாவிக்காமல் கீரை நட எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் இரண்டு துளை போட்டால் நல்ல தொட்டி.